பணமும் விசுவாசமும் காணிக்கையும்: திருகோணமலைச் சபையார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும், மூதூர், சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கங்களிலும் வேதபாடக் கூட்டம் முடிந்த பிறகு மெல்லிய குரலில் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை. மெதடிஸ்தர், அங்கிலிக்கர், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் எல்லோருக்கும் இவை பொதுவானவை. பிரசங்கபீடத்திலிருந்து காணிக்கை கேட்கப்படும் அளவுக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப்படுவதில்லை என்பதாலேயே இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

உக்கிராணத்துவம், அதாவது கடவுள் ஒப்படைத்ததைப் பொறுப்போடு நிர்வகிப்பது, என்பது காணிக்கை கொடுப்பதைத்தான் குறிக்கிறதா?

இல்லை, காணிக்கை அதன் ஒரு பகுதி மட்டுமே. பூமியும் அதிலுள்ள யாவும் கர்த்தருடையவை என்று 24ஆம் சங்கீதம் தொடங்குகிறது. ஆலயத்துக்காகப் பொன்னும் வெள்ளியும் குவிந்த நாளில், உம்முடைய கையிலிருந்து பெற்றதையே உமக்குத் திரும்பக் கொடுக்கிறோம் என்று தாவீது ஜெபித்ததை 1 நாளாகமம் 29இல் வாசிக்கிறோம். இதை உண்மையாகவே ஏற்றுக்கொண்டால், பத்தில் ஒன்று கடவுளுக்கு, மீதி ஒன்பதும் எனக்கு என்ற பங்கீட்டுக்கு இடமில்லை. பத்தும் அவருடையவை, பத்துக்கும் நாம் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள்.

ஆகவே பணம் எந்த வழியில் வந்தது, யாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருக்கிறோம், எதற்குச் செலவிடுகிறோம், எவ்வளவைச் சேர்த்து வைக்கிறோம், எவ்வளவைக் கொடுக்கிறோம் என்ற எல்லாமே உக்கிராணத்துவத்துக்குள் வருகின்றன. லூக்கா 16ஆம் அதிகாரத்து எஜமான் தன் உக்கிராணக்காரனிடம் கேட்டது முழுக் கணக்கை. கிழமை நாட்களில் நிறுவையில் குறைத்து விற்ற வியாபாரி ஞாயிற்றுக்கிழமை தாராளமாகக் காணிக்கை போடுவதால் அந்தக் கணக்கு நேராகிவிடாது.

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுப்பது, கட்டாயமா?

பழைய ஏற்பாட்டின் தசமபாகம் நாம் நினைப்பதைப் போல ஒரே வகையானது அல்ல. எண்ணாகமம் 18இல் அது நிலப்பங்கு இல்லாமல் ஆராதனைப் பணி செய்த லேவி கோத்திரத்தாராகிய லேவியருக்குரியது. அந்த லேவியரும் தாங்கள் பெற்றதில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும். உபாகமம் 14இல், தானியம், திராட்சரசம், எண்ணெய் ஆகியவற்றின் தசமபாகத்தைக் கொடுப்பவரே தம் வீட்டாரோடு கர்த்தருடைய சந்நிதியில் உண்டு மகிழும்படி சொல்லப்படுகிறது. வழி தூரமானால் விற்றுப் பணமாகக் கொண்டுபோகவும் அனுமதி உண்டு. ஒவ்வொரு மூன்றாம் வருட முடிவிலும் அது ஊருக்குள்ளேயே வைக்கப்பட்டு, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும். இந்த மூன்றாம் வருடப் பகுதி நமது பிரசங்கங்களில் மிக அரிதாகவே இடம்பெறுகிறது. அது எனக்கு வருத்தம் தருகிறது.

புதிய ஏற்பாட்டில் இயேசு தசமபாகத்தைத் தள்ளிவிடவில்லை. ஆனால் ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் பத்தில் ஒன்றை எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களை மத்தேயு 23:23இல் கடுமையாகக் கண்டிக்கிறார். பவுல் தமது நிருபங்களில் எந்த இடத்திலும் பத்து வீதம் என்று அளவு குறிக்கவில்லை. அவனவன் தன் மனதில் தீர்மானித்தபடி, வருத்தமும் கட்டாயமும் இல்லாமல், உற்சாகமாய்க் கொடுக்க வேண்டும் என்பதே 2 கொரிந்தியர் 9:7இல் அவர் சொல்வது.

என் கருத்தில், தசமபாகம் கொடுக்கப் பழகுவதற்கு நல்லதொரு தொடக்கம். ஆனால் அதையே சட்டமாக்கும்போது இருவருக்குத் தீங்கு நேர்கிறது. மாதம் முழுவதும் கூலி வேலைக்குப் போய் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்குப் பத்தில் ஒன்று பிள்ளைகளின் பால்மாவாக இருக்கலாம். நல்ல வருமானமுள்ள வியாபாரிக்கோ அதிகாரிக்கோ பத்தில் ஒன்று கைச்செலவாகக்கூடத் தெரியாது; கடமை முடிந்தது என்ற நிம்மதியை மட்டும் அது கொடுத்துவிடும்.

இந்த இடத்தில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி சொன்ன ஒரு விபரம் பயன்படும். ஒக்ஸ்போர்டில் வாழ்ந்த ஒரு வாலிபரைப் பற்றித் தம் பிரசங்கம் ஒன்றில் அவர் குறிப்பிடுகிறார்; அது வெஸ்லியேதான் என்பது பொதுவான கருத்து. வருடத்துக்கு 30 பவுண் வருமானம் வந்தபோது அந்த வாலிபர் 28 பவுணில் வாழ்ந்து 2 பவுணைக் கொடுத்தார். அடுத்த வருடம் வருமானம் 60 ஆனபோதும் 28இலேயே வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். பின்னர் 90 வந்தபோது 62ஐயும், 120 வந்தபோது 92ஐயும் கொடுத்தார். கொடுக்கும் வீதத்தை நிலையாக வைக்காமல், வாழ்வதற்குப் போதுமான அளவை அவர் நிலையாக வைத்தார். வருமானம் உயரும்போதெல்லாம் வீட்டுச் செலவும் கூடவே உயர்ந்துவிடுகிற நமக்கு, தசமபாகத்தைவிட இது கடினமான கேள்வி: எனக்கு எவ்வளவு போதும்?

மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வரும் சம்பளத்திலா கணக்கிட வேண்டும்?

வேதத்தில் இதற்கு நேரடியான பதில் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்காகச் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்படுகிறது. அது உங்கள் பணமே, பிற்காலத்தில் திரும்பக் கைக்கு வரும். ஆகவே இப்போது கைக்கு வருவதில் கொடுத்து, அந்த நிதி வரும்போது அதிலும் கொடுக்கலாம். அல்லது இப்போதே மொத்தச் சம்பளத்தில் கொடுக்கலாம். இரண்டும் நேர்மையானவையே. இதில் ஒருவரை ஒருவர் குறைகூற வேண்டாம்.

கடலையும் வயலையும் நம்பி வாழ்கிறோம். மாதச் சம்பளம் இல்லாதவர்கள் எப்படிக் கொடுப்பது?

மாத இறுதியில் குறிப்பிட்ட தொகை என்ற ஒழுங்கு சம்பளக்காரரை மனதில் வைத்து உண்டானது. கிழக்குக் கரையில் கார்த்திகை தொடங்கி மாசி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் குழம்பிக் கிடக்கும் காலத்தில், பல நாட்கள் படகு இறங்காது. கரைவலை இழுப்பவருக்கும் பங்கு கிடைக்காது. தம்பலகாமத்திலும் மூதூரிலும் பெரும்போகம் செய்பவருக்கு ஐப்பசி, கார்த்திகையில் பணம் போகும். மாசி, பங்குனியில்தான் வரும். இவர்களிடம் மாதந்தவறாத சந்தாவைக் கேட்டுவிட்டு, நிலுவைப் பட்டியலில் பெயரைப் போடுவது நியாயமல்ல.

வாரத்தின் முதல் நாளில், தன் வரவுக்குத் தக்கபடி ஒவ்வொருவரும் எடுத்து வைக்க வேண்டும் என்று பவுல் 1 கொரிந்தியர் 16இல் எழுதுகிறார். வரவு இருந்தால்தான் எடுத்து வைக்க முடியும். ஒருவரிடம் இல்லாததை அல்ல, உள்ளதையே கடவுள் ஏற்றுக்கொள்கிறார் என்பதும் அவர் எழுதியதே (2 கொரிந்தியர் 8:12). எரிபொருள், ஐஸ், வலை திருத்தும் செலவு, படகுக்காரரின் பங்கு ஆகியவை போக மிஞ்சுவதே கடற்றொழிலாளியின் வருமானம். விதைநெல், உரம், உழவு, அறுவடை இயந்திர வாடகை, வேலையாட்களின் கூலி ஆகியவை போக மிஞ்சுவதே விவசாயியின் வருமானம். இவற்றுள் கூலியை நான் தனியாக வலியுறுத்துகிறேன். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. கொடுக்காத கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. கூலி பாக்கி இருக்கும்போது அந்தப் பணத்திலிருந்து கொண்டுவரப்படும் காணிக்கை இன்னொருவருடைய பணம்.

நல்ல பருவத்தில் கிடைத்ததில் ஒரு பங்கை மாரிக்காலத்துக்காக வைத்திருப்பது அவிசுவாசமா என்றும் சிலர் கேட்கிறார்கள். எகிப்தின் ஏழு செழிப்பான வருடங்களில் விளைச்சலில் ஐந்தில் ஒன்றைச் சேர்த்து வைக்கும்படி சொன்ன யோசேப்பை யாரும் அவிசுவாசி என்று சொன்னதில்லை. அவர் சேர்த்தது பஞ்சகாலத்தில் பலரைப் பிழைக்கவைத்தது.

கொடுக்க முடியாத வாரங்களைப் பற்றி மெதடிஸ்தருக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கூடிவரும் கட்டடத்தின் கடனை அடைப்பதற்காக ஒவ்வொரு அங்கத்தவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்று பேசினார்கள். அதைக்கூடக் கொடுக்க முடியாத ஏழைகள் இருக்கிறார்களே என்று சொல்லப்பட்டபோது, ஒருவர் எழுந்து, மிக வறியவர்களாக உள்ள பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், நான் வாரந்தோறும் அவர்களைச் சந்திக்கிறேன், அவர்களால் முடியாததை நான் கொடுக்கிறேன் என்றார். மெதடிஸ்த வகுப்புக் கூட்டங்கள் உருவானது இப்படித்தான். பணம் கேட்கப் போனவர்கள் அந்த வீடுகளில் இருந்த நோயையும் பசியையும் கண்டார்கள். காணிக்கை சேர்க்கும் வேலை ஆத்தும விசாரணையாக மாறியது. நமது சபைகளில் சந்தா கேட்டுப் போகிறவர்களும் அப்படிப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

எனக்கு நிறையக் கடன் இருக்கிறது. நகை அடகில் இருக்கிறது. நான் காணிக்கை கொடுக்க வேண்டுமா?

கடனை அடைப்பதும் கடவுளுக்கு முன்பாகச் செய்யும் கடமைதான். ஒருவருக்கு ஒருவர் அன்பைத் தவிர வேறொன்றிலும் கடன்படாதிருங்கள் என்கிறது ரோமர் 13:8. அயலானுக்குக் கொடுக்க வேண்டியது கையில் இருக்கும்போதே, நாளைக்கு வா என்று சொல்லாதே என்கிறது நீதிமொழிகள் 3:28. ஆகையால் ஆராதனையில் சிறிய தொகையொன்றை நன்றியாகக் கொடுங்கள். மீதியைக் கடனுக்குக் கட்டுங்கள். அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

கொடுப்பதற்காகக் கடன் வாங்க வேண்டாம். இதை உறுதியாகவே சொல்கிறேன். நுண்கடன் நிறுவனங்களிடம் ஒன்றை அடைக்க இன்னொன்று என்று வாங்கி, வாராந்தத் தவணைக்கு ஆள் வரும் நாளில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் பெண்கள் நம் சபைகளிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கட்டட நிதிக்கென்று பொருத்தனைத் துண்டுகளைக் கொடுத்து, தொகையை எழுதும்படி எல்லோர் முன்னிலையிலும் கேட்பது பெரும் பிழை. நகையை அடகு வைத்துக் கொடுத்த சாட்சியைப் புகழ்ந்து பேசுவதும் பிழையே. மாவரைக்கும் கல்லை அடகாக வாங்காதே, அது ஒருவனுடைய சீவனத்தையே அடகாக வாங்குவதாகும் என்று உபாகமம் 24:6 சொல்கிறது. ஏழைக்குக் கொடுக்கும் கடனில் வட்டி வாங்காதே என்கிறது யாத்திராகமம் 22:25. சபையிடம் பணம் இருந்தால், நிலையான வைப்பில் கிடக்கும் தொகையில் ஒரு சிறு பகுதியையாவது, அடகில் மூழ்கும் தறுவாயில் உள்ள நகையை மீட்பதற்கு வட்டியில்லாமல் கொடுத்துத் திரும்ப வாங்கும் ஏற்பாட்டுக்கு ஒதுக்கலாம். அதுவும் ஆவிக்குரிய செலவே.

வயதான பெற்றோருக்குக் கொடுப்பதைக் காணிக்கையாகக் கணக்கிடலாமா?

கணக்கிட வேண்டிய தேவையே இல்லை. அது முந்திய கடமை. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்கு நேர்ந்துவிட்டது, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு மாற்கு 7இல் கண்டிக்கிறார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 கூறுகிறது. அம்மாவின் மருந்துக்குப் பணம் அனுப்பியதால் இந்த மாதம் காணிக்கை குறைந்துவிட்டதென்றால், நீங்கள் எதையும் குறைத்துக்கொடுக்கவில்லை.

கொடுத்தால் பன்மடங்காகத் திரும்பக் கிடைக்கும் என்று போதகர்கள் சொல்கிறார்கள். மல்கியா 3ஆம் அதிகாரமும் அப்படித்தானே சொல்கிறது?

மல்கியா, களஞ்சியத்துக்குள் தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்வதும், வானத்தின் பலகணிகள் திறக்கும் என்று சொல்வதும் உண்மை. ஆனால் அந்தப் புத்தகத்தை முதல் அதிகாரத்திலிருந்து வாசியுங்கள். குருடும் ஊனமுமான மிருகங்களைப் பலியிட்ட ஆசாரியருக்கே முதல் கண்டனம். மூன்றாம் அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தில், கூலிக்காரருடைய கூலியை அபகரிப்பவர்களுக்கும் விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குபவர்களுக்கும் விரோதமாகக் கடவுள் சாட்சியாக வருவேன் என்கிறார். அந்த ஐந்தாம் வசனத்தை விட்டுவிட்டுப் பத்தாம் வசனத்தை மட்டும் வாசிப்பது நேர்மையல்ல.

மக்கெதோனியா நாட்டுச் சபைகள் கொடிய வறுமையிலும் தாராளமாகக் கொடுத்தன என்று பவுல் சாட்சி சொல்கிறார். அதன் பிறகு அவை செல்வந்தச் சபைகளாயின என்று அவர் சொல்லவில்லை. நோய் தீர வேண்டும், விசா கிடைக்க வேண்டும், மகளுக்குத் திருமணம் கைகூட வேண்டும் என்பவற்றுக்காக இவ்வளவு தொகையை விதையுங்கள் என்று யாராவது கேட்டால், 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். குஷ்டம் நீங்கிய நாகமான் வற்புறுத்தியும் எலிசா ஒரு காணிக்கையும் வாங்க மறுத்துவிட்டார். பின்னால் ஓடிப்போய் வாங்கியவன் எலிசாவின் வேலைக்காரன் கேயாசி. அவனுக்கு நேர்ந்ததும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. கடவுளின் ஈவைப் பணத்தால் வாங்கலாம் என்று நினைத்த சீமோனைப் பேதுரு எப்படிக் கண்டித்தார் என்பது அப்போஸ்தலர் 8இல் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 848ஆவது பிரிவும், வறுமை காரணமாக எவரும் திருவருட்சாதனங்களின் துணையை இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது.

எவற்றுக்குக் கொடுப்பது ஆவிக்குரிய நோக்கத்துக்குக் கொடுப்பதாகும்?

ஆராதனைக்கும், நற்செய்தி ஊழியத்துக்கும், வேதாகமம் மக்களின் கைக்குச் சேர்வதற்கும், விசுவாசத்தில் பிள்ளைகளை வளர்ப்பதற்கும், வறியவரைத் தாங்குவதற்கும் கொடுப்பவை எல்லாம் அதில் அடங்கும். இலங்கையில் வேதாகமச் சங்கம் 1812இல் தொடங்கியது. இன்று நம் வீட்டிலுள்ள வேதாகமத்தின் விலை நமக்கு எட்டுவதாக இருப்பதற்குப் பின்னால் முகம் தெரியாத பலரின் காணிக்கை இருக்கிறது.

கட்டடத்துக்குக் கேட்டால் மனமுவந்து கொடுக்கும் நாம், ஆட்களுக்குக் கேட்டால் தயங்குகிறோம். வெருகல், ஈச்சிலம்பற்று போன்ற தூர இடங்களுக்குப் போய் ஞாயிறு பாடசாலை நடத்தும் இளம் பிள்ளைக்கு பஸ் காசு யார் கொடுக்கிறார்கள்? கோயிலைக் கூட்டித் துடைத்து மணியடிக்கும் ஐயாவுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கப்படுகிறது? அவருக்குச் சேமலாப நிதி கட்டப்படுகிறதா? வேலைகொடுப்பவர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும் என்பது நாட்டின் சட்டம். சபையும் ஒரு வேலைகொடுப்பவர்தான். சுவருக்குப் புதிய ஓடு பதிப்பதற்கு முன்னர் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடப்பட வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

கிறிஸ்தவர் அல்லாதவருக்குக் கொடுப்பது காணிக்கையாகுமா?

ஆகும். நல்ல சமாரியன் காயப்பட்டவனிடம் அவன் மதத்தைக் கேட்கவில்லை. இந்துக்களும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் அடுத்தடுத்த வீதிகளில் வாழும் இந்த ஊரில், பசித்தவருக்குக் கொடுக்கும் உணவோடு மதம் மாறும்படியான நிபந்தனையை இணைப்பது உதவியையும் நற்செய்தியையும் ஒருங்கே கெடுத்துவிடும்.

கொடுத்த பணம் எங்கே போகிறது என்று கேட்பது விசுவாசக் குறைவா?

விசுவாசக் குறைவு அல்ல. கேட்பது சபையாரின் உரிமை, சொல்வது பொறுப்பாளரின் கடமை. யோவாஸ் அரசனின் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்ப்பதற்கென்று பணம் வாங்கப்பட்டும் அவனுடைய இருபத்துமூன்றாம் வருடம் வரை வேலை நடக்கவில்லை. அதனால் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பலிபீடத்தின் அருகில் வைத்தான். பெட்டியில் பணம் மிகுந்தபோது அரசனின் எழுத்தரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து எண்ணினார்கள் (2 இராஜாக்கள் 12). இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும் என்ற வழக்கம் அவ்வளவு பழையது. எருசலேமின் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது பவுலும் தனியாகப் போகவில்லை; சபைகள் தெரிந்தெடுத்தவர்களையும் கூட்டிக்கொண்டு, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்யக் கவனமாயிருக்கிறோம் என்று காரணமும் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8:21). அப்போஸ்தலர் ஒருவரே தம்மை இப்படிக் காத்துக்கொண்டார் என்றால், எங்கள் ஐயரை நாங்கள் நம்புகிறோம், கணக்கு எதற்கு என்று சொல்வது அந்த ஐயருக்கே செய்யும் கெடுதல்.

நடைமுறையில் கேட்க வேண்டியவை சில உண்டு. காணிக்கை எண்ணப்படும்போது குறைந்தது இருவர் இருந்து ஒப்பமிட வேண்டும். சபையின் பணம் சபையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். போதகரின் சொந்தக் கணக்கில் அல்ல. பெரிய தொகைக்குப் பற்றுச்சீட்டு கொடுக்கப்பட வேண்டும். வருடக் கணக்கு கணக்காய்வு செய்யப்பட்டுச் சபையாருக்கு வாசிக்கப்பட வேண்டும். ஒரு நோக்கத்துக்கென்று கொடுக்கப்பட்டதை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் அதே சட்டத்தொகுப்பில் 1267ஆவது பிரிவு இதையே சட்டமாக்கியிருக்கிறது, 537ஆவது பிரிவு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்த உதவி யார் யாருக்குப் போனது என்று கேட்டுப் பதில் கிடைக்காதவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வியைக் கசப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

கணக்குக் காட்டாத இடத்துக்குக் கொடுப்பதை நிறுத்தலாமா என்று கேட்டால், முதலில் பொறுப்பாளரிடம் தனியாகவும் மரியாதையாகவும் கேளுங்கள் என்பேன். பிறகும் மறைத்தால், அதே பணத்தை வெளிப்படையாக நடக்கும் ஊழியத்துக்கோ நேரடியாகத் தேவையுள்ள குடும்பத்துக்கோ கொடுங்கள். கொடுப்பதையே நிறுத்திவிட வேண்டாம்.

அறுவடை விழா ஏலத்தில் போட்டி போட்டு வாழைக்குலையை அதிக விலைக்கு எடுப்பதும், கொடுத்தவரின் பெயரைக் கல்லில் பொறிப்பதும் சரியா?

ஏலம் நம் ஊர்ச் சபைகளின் மகிழ்ச்சியான வழக்கம். அதில் சிரிப்பும் ஒற்றுமையும் இருக்கும் வரை குறையில்லை. வாங்க வசதியில்லாதவர் பின்வரிசையில் தலைகுனிந்து நிற்கும் நிலை வந்தால் அதை மாற்ற வேண்டும். கல்வெட்டைப் பொறுத்தவரை, வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற வார்த்தைக்குப் பிறகு நான் சேர்ப்பதற்கு எதுவுமில்லை. மறைந்த பெற்றோரின் நினைவுக்காகப் பெயர் எழுத விரும்புபவரின் அன்பை நான் மதிக்கிறேன். அதையே ஒரு மாணவியின் படிப்புச் செலவாகக் கொடுத்தாலும் அந்த நினைவு நிற்கும்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் பணம் அனுப்புகிறார்கள். அவர்கள் கொடுத்தால் போதாதா?

லண்டனிலும் கனடாவிலும் இருந்து வரும் உதவி பெரியது. அங்கே இரண்டு வேலை செய்து அனுப்புபவர்களும் உண்டு. ஆனால் கூரை முழுவதும் வெளிநாட்டுப் பணத்தில் போடப்பட்ட சபையில், இங்குள்ளவர்கள் மெல்ல மெல்லப் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். நம் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒவ்வொரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைத்து, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிடியரிசி ஒரு நாளும் பெரிய தொகையானதில்லை. ஆனாலும் கோயில் தங்களுடையது என்ற உரிமையோடு அவர்கள் அதற்குள் நடந்தார்கள்.

பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது?

காணிக்கைப்பை வரும் வேளையில் அவசரமாகக் கையில் திணிக்கும் இருபது ரூபாவால் பழக்கம் வராது. அவர்களுடைய கைச்செலவுக் காசிலிருந்து, சிறிதானாலும், அவர்களே எடுத்து வைக்கட்டும். யாருக்குக் கொடுக்கலாம் என்ற வீட்டுப் பேச்சிலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறந்த பிறகு காணியிலோ பணத்திலோ ஒரு பகுதி சபைக்குப் போக வேண்டும் என்று விரும்புகிறேன். என்ன செய்வது?

உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் உயில் எழுதுங்கள். இலங்கைச் சட்டப்படி உயிலை நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க ஒப்பமிடலாம். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். சபையின் சட்டப்பெயரை, அதாவது சொத்தை வைத்திருக்கும் உரிமையுள்ள அமைப்பின் பெயரை, சரியாகக் கேட்டு எழுதுங்கள். குருவானவரின் சொந்தப் பெயருக்கு எழுத வேண்டாம். எந்த நோக்கத்துக்கென்று கொடுக்கிறீர்கள் என்பதையும், அந்த நோக்கம் இல்லாமற்போனால் எதற்குப் பயன்படலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். திருமணமாகாத மகளோ, உங்களைப் பராமரிக்கும் பிள்ளையோ அந்த வீட்டில் வாழ்ந்தால், அவர்களுக்கு இருக்க இடம் உறுதியான பிறகே மீதியைப் பற்றி நொத்தாரிசிடம் பேசுங்கள்.